கெமத்தி என்று சொன்ன வாய்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் சம்பள நாளில் கையெழுத்துப் போடத்தான். எனக்கும் ரகர றகரத்துக்கும் என்றைக்கும் ஒத்துவராது. ‘தகராறு’ என்று எழுதப் போனால், அந்தச் சொல்லுக்குள்ளேயே இரண்டும் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி செய்யும். கொட்டகலையில் ஒரு கடையில் வேலை செய்யும் என் மகள் பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்தட்டும். ஒரு சொல்லை மட்டும் தொடக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது தமிழ்ச் சொல்லே இல்லை, சிங்களம். கெமத்தி.

எழுதுவானேன், யாரிடமாவது வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேச வேண்டியது தொண்டை வரைக்கும் வரும், அங்கே நின்று யோசிக்கும், திரும்பிப் போய்விடும். என் சகலை அப்படியல்ல. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். ஒரே லயத்து வரிசையில், ஒரே கூரைக்குக் கீழே, அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அவர் சிரித்தால் எங்கள் குசினியில் பாத்திரம் அதிரும். என் வாழ்க்கையில் நான் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கமே குடியிருந்தது என் தலையெழுத்து.

எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலை என்று பத்திரிகையில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஸ்டோர்தான். லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அப்போது இரண்டு ஸ்டோர்கள் இருந்தன. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் மேல் ஸ்டோர், பள்ளத்தில் ஆற்றோரம் கீழ் ஸ்டோர். நான் மேல் ஸ்டோரில், கொழுந்து வாட்டுகிற மாடியில் இருந்தேன். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டும், நீளத் தொட்டிகளில் பரப்ப வேண்டும், அடியிலிருந்து காற்று விட்டு வதங்க வைக்க வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால் உருண்டை பட்டென்று விரியக் கூடாது, சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாக விரிய வேண்டும். அதுதான் பதம்.

சகலை எனக்கு நாலைந்து வருடம் கழித்து மூட்டை தூக்க வந்தவர். வேலையில் குறை சொல்ல முடியாது. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மாடிக்கு ஒரு கங்காணி உண்டு. அவர் மூட்டை தூக்க வேண்டியதில்லை. எந்தத் தொட்டியை எப்போது இறக்குவது என்று சொன்னால் போதும். கம்பனி அவருக்குக் காக்கி நிறத்தில் ஒரு கோட்டுக் கொடுக்கும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தேநீர் குடிக்கும்போது அவருக்கும் ஒரு கோப்பை வரும். ஜன்னலோரம் உட்கார ஒரு முக்காலி இருக்கும், பேர்தான் முக்காலி, கால் நாலு. மற்றவர்களுக்கு அந்தக் கோட்டின் மேல் ஆசை, எனக்கு அந்த முக்காலியின் மேல்தான் கண். நாற்பது வயது தாண்டியதும் என் முதுகு பேசத் தொடங்கிவிட்டது. மூட்டையோடு படி ஏறும்போது இடுப்புக்கு மேலே யாரோ கம்பியைத் திருகுகிற மாதிரி இருக்கும். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள், பாரம் தூக்காதே என்றும் சொன்னார்கள். பாரம் தூக்காமல் ஸ்டோரில் இருக்க வேண்டுமென்றால் கங்காணியாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். சர்வீசில் மூத்தவனுக்குத்தான் கங்காணி வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், என் முறை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன்.

ஒரு வருடம் கம்பனி மேல் ஸ்டோரில் பாதி வேலையை நிறுத்தியது. எங்களில் சிலரைக் கீழ் ஸ்டோருக்கு மாற்ற வேண்டும் என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் அப்போதுதான் புதிதாக வந்திருந்த சிங்கள மனிதர். தன்மையானவர். கதவோரம் வரிசையாக நின்றோம். எனக்கு அடுத்து சகலை. என் முறை வந்ததும் உள்ளே போனேன். கீழ் ஸ்டோருக்குப் போக “கெமத்தித?” என்று கிளாக்கர் கேட்டார்.

சிங்களத்தில் அந்தச் சொல் இரண்டு வேலை செய்யும். மாப்பிள்ளையை உனக்குச் சம்மதமா என்று பெண்ணிடம் கேட்பதும் கெமத்தித. மாம்பழம் உனக்குப் பிடிக்குமா என்று பிள்ளையிடம் கேட்பதும் கெமத்தித. எனக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருச் சிங்களம். போகச் சொல்கிறார்கள், மறுப்பு ஏதும் உண்டா என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அதோடு, நாற்காலியில் இருக்கிற ஒரு பெரிய மனிதர் முகம் பார்த்துக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. எங்கள் அப்பா தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் ‘மாட்டேன்’ என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. செய்யாமல் விட்டிருக்கிறார், சொன்னதில்லை.

“கெமத்தி மாத்தயா” என்றேன். மரியாதைக்கு ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

நான் வெளியே வரவும் சகலை உள்ளே போனார். அவர் சிங்களம் சரளமாகப் பேசுவார். அதே கேள்விக்கு அவர் சொன்ன பதில் வாசல் வரைக்கும் கேட்டது.

“கெமத்தி நே மாத்தயா. யவனவானம் யனவா.”

விருப்பமில்லை ஐயா, அனுப்பினால் போகிறேன். எனக்கு உடம்பு கூசிவிட்டது. பெரிய இடத்தில் இப்படியா பேசுவது என்று ஏறி வரும் வழியில் அவரிடம் சொன்னேன். “கேட்டாங்க, உள்ளத சொன்னேன் சகல. கீழ போனா தெனமும் இந்த மேட்ட ஏறி வரணும். அதுல என்னா விருப்பம் வேண்டிக் கெடக்கு?” என்றார். மரியாதை தெரியாத மனிதர் என்று அன்று மனைவியிடம் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்.

லயம் மாறவில்லை, வேலைதான் மாறியது. மரியாதை தெரிந்தவனும் மரியாதை தெரியாதவரும் ஒன்றாகத்தான் தினமும் கீழே இறங்கினோம், ஒன்றாகத்தான் மேட்டை ஏறினோம். கீழ் ஸ்டோரிலும் அதே மாடி, அதே மூட்டை. வருடங்கள் போயின. அங்கே இருந்த கங்காணிக்கு வயதாகி, ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. அடுத்தது நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் முக்காலியைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மேல் ஒரு தரம் கை வைத்துவிட்டுப் போவேன். மனைவி லிந்துலைக் கடையில் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்தாள். கோட்டுக்குள்ளே போடுவதற்கு. தன் தங்கையிடமும் அதைக் காட்டியிருக்கிறாள்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில்தான் அதைச் சொன்னார்கள். நான் புதுச் சட்டையோடு முன்வரிசையில் நின்றேன். மாடிக்கு இனிமேல் கங்காணி இவர் என்று டீமேக்கர் ஐயா கையை நீட்டினார். நான் அரை அடி முன்னால் வைத்துவிட்டேன். அந்தக் கை என் தோளுக்கு மேலாகப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சகலை நின்றார். அவருக்கே அது எதிர்பாராத செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. வைத்த அரை அடியைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டோர் அடுப்படியில் தேயிலைத் தூள் காய வைக்கிற ஒருவன், “என்னாண்ணே, ஒங்களுக்கு மட்டும் தீவாளி முன்னாடியே வந்திருச்சா?” என்று சட்டைக் கொலரைத் தொட்டுப் பார்த்தான். அன்றைக்கு அந்தச் சட்டையோடுதான் மூட்டை தூக்கினேன். மாலையில் கொழுந்துக் கறையோடு அதைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. தங்கை அவளிடம் முன்னமே சொல்லியிருப்பாள்.

பொறாமை என்றால் நெருப்பு மாதிரி எரியும் என்பார்கள். எனக்கு அப்படி எரியவில்லை. காலுக்குள் போன சின்ன முள் மாதிரி இருந்தது. நிற்கும்போது தெரியாது, நடந்தால் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாசலில் துணி காய ஒரே கயிறுதான். வாரத்துக்கு ஒரு நாள் அந்தக் கயிற்றில் காக்கிக் கோட்டுத் தொங்கும். காற்றில் அதன் கை இரண்டும் ஆடி ஆடி என்னைக் கூப்பிடுவது போலிருக்கும். ஒரு பகல் சட்டென்று மழை வந்தது. ஓடிப்போய் எங்கள் துணிகளையெல்லாம் எடுத்தேன். கொழுந்தியாளின் சேலையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பையும்கூட எடுத்தேன். கோட்டை எடுக்க மட்டும் கை போகவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மழையில் இறங்கி அதை எடுத்து வந்து, எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலேயே காயப் போட்டாள். சோறு தின்னும்போது அது என் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மாரியம்மன் கோவில் திருவிழாவில் பூசாரி திருநீற்றுத் தட்டை முதலில் தொழிற்சங்கத் தலைவரிடம் நீட்டுவார், பிறகு கங்காணிமாரிடம். அந்த வருடம் என் பக்கத்தில் நின்ற சகலையிடம் தட்டு நின்றது. நான் இல்லாத ஆள் மாதிரி என்னைத் தாண்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றித்தான் என்னிடம் வந்தது. அவர் தன் கையில் வாங்கிய திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடுகிறவன் மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அவர் என்னை அதட்டி வேலை வாங்கியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதட்டமாட்டார். தொட்டி பதமாகிவிட்டதா என்று என்னிடம்தான் கேட்பார், “ஒங்களுக்குத் தெரியாததா சகல” என்பார். பாரமான மூட்டையை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். டீமேக்கர் ஐயாவின் கேத்தலிலிருந்து தனக்கு வரும் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றி வைப்பார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அந்தத் தேநீரின் வாசனை மாடி முழுக்கப் பரவும். நல்ல தூள். நாங்கள் செய்கிற தூளில் நாங்கள் குடிக்காத ரகம்.

ஏன் இப்படி ஆனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்பட்டது தெரிந்துவிடுமே. தோட்டத்தில் எங்கள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர்தான் தானாக ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிந்துலை பஸ் நிற்கிற இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ விரும்பிப் போனவன்னு வச்சிருக்காங்கப்பா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். ஒருவனைக் கம்பனி தன் தேவைக்கு இடம் மாற்றினால், அவன் பழைய சர்வீசும் அவனோடு வரும். அவனாக விரும்பி மாற்றம் கேட்டுப் போனால், புது இடத்தில் பதவி வரிசையில் அவன் கடைசி ஆள். இல்லாவிட்டால் கேட்டு வாங்கி வருகிறவன் எல்லாம் ஏற்கனவே அங்கே காத்திருக்கிறவன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவானாம். எனக்கு ஓய்வு பெறும்போது வரவேண்டிய சர்வீஸ் காசில் ஒன்றும் குறையாது. கங்காணி வேலைக்கு மட்டும்தான் நான் புது ஆள். கீழ் ஸ்டோருக்கு எனக்குப் பிறகு உத்தரவில் வந்து சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் எனக்கு மூத்தவர்கள்.

“நா எப்பங்க விரும்புனேன்?”

“கெமத்தின்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன். அது மரியாதைக்குச் சொன்னதுங்க.”

“மரியாதைக்குன்னு ஆபீஸ்ல தனி எடம் கெடையாதுப்பா. ஒன்னு விருப்பம், இல்லாட்டி உத்தரவு.”

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. சகலை அன்றைக்குச் சொன்ன பதில் என் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. மேடு ஏறக் கால் வலிக்கும் என்பதைத்தான் சொன்னார். உள்ளதைச் சொன்னதற்கு ஒருவருக்குக் கோட்டுக் கிடைக்கிறது, பணிவாகச் சொன்னதற்கு ஒருவனுக்கு மூட்டை கிடைக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தலைவர் ஒரு வழி சொன்னார். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, போகச் சம்மதமா என்று கேட்டார்களா அல்லது போக ஆசையா என்று கேட்டார்களா என்பதை, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து சொன்னால் தொரையிடம் பேசலாம் என்றார். கேட்ட கிளாக்கர் மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்கு அது பதவி உயர்வோடு கிடைத்த மாற்றம் என்று கேள்வி. அவரை எங்கே தேடுவது? எனக்கு அடுத்து, கேள்வி காதில் விழுகிற தூரத்தில் கதவோரம் நின்றவர் ஒருவர்தான். என் சர்வீஸ் எனக்குத் திரும்பக் கிடைத்தால் யாருடைய கோட்டுக் கழற்றப்படுமோ, அவர்.

நான் கேட்கமாட்டேன் என்று மனைவியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். “வாய இருக்குற எடத்துல வச்சிக்கிட்டு முதுக மட்டும் ஒடைச்சிக்கிங்க” என்றாள். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவளே தங்கையிடம் பேசியிருக்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பே இல்லை. கொழுந்தியாள் எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சகலை மாடியில் என் பக்கம் வரவில்லை. பாதித் தேநீரும் வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாளும் அவர் நல்லவர் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. இப்போது அவரும் எல்லோரையும் போல ஆகிவிட்டார். கோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற ஆள். இனி அவரை வெறுக்க எனக்கு வழி பிறந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த நாட்களில்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி விசாரணை நாள் வரைக்கும்தான். அன்று ஆபீசில் தொரை இருந்தார், டீமேக்கர் ஐயா இருந்தார், தலைவர் இருந்தார். மூலையில் நான். சகலையைக் கூப்பிட்டார்கள். குளித்து, கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். தொரை இளம் வயது, தமிழ் ஓரளவு விளங்கும். அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

“போறதுக்கு ஆசையான்னு யாரும் கேக்கலங்க தொரை. போக வேண்டியிருக்கு, சரியான்னுதான் கேட்டாங்க. இவரு சரின்னாரு. இவரு யார்கிட்டயும் இல்லன்னு சொல்ல மாட்டாருங்க. இந்தா, இப்ப நீங்க என்னாத்த கேட்டாலும் கெமத்தின்னுதான் சொல்லுவாரு.”

தொரை சிரித்துவிட்டார். டீமேக்கர் ஐயாவும் சிரித்தார். தொரை என்னைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு தொரை கேட்டார், உங்கள் வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று சகலையை. மூட்டை தூக்கத் தெரியும் என்று சகலை சொன்னார்.

தொரை முடிவு சொன்னார். என் மாற்றம் கம்பனி உத்தரவில் நடந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், மேல் ஸ்டோரில் இருந்த சர்வீஸ் முழுவதும் எனக்குச் சேரும். ஆனால் கொடுத்த வேலையைக் குறையில்லாமல் பார்க்கிற ஒருவரிடமிருந்து பறிக்க முடியாது. அடுத்து வருகிற இடம் எனக்கு. இவ்வளவுதான். சகலை மடித்திருந்த கோட்டை அங்கேயே விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்க அதே பேச்சு. வேலை போனாலும் பரவாயில்லை என்று தன் சகலைக்காகச் சாட்சி சொன்ன மனிதர். பீலியில், பெரட்டில், கோவிலடியில், எங்கே போனாலும் என்னிடமே வந்து அவரைப் புகழ்ந்தார்கள், நான்தான் அவரைப் பெற்று வளர்த்தவன் போல. பதவியும் அவருக்கு, நல்ல பேரும் அவருக்கு. எனக்குக் கிடைத்தது வரிசையில் ஓர் இடம். அவரை வெறுக்கக் கிடைத்த ஒரே வழியும் அடைபட்டுப் போனது.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள் மனைவி. அதைச் சொல்லத்தான் அவர் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே பிள்ளைகளுக்கு அந்த விசாரணையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், என் தலையாட்டல் உட்பட. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சகலை என்னை விட இளையவர், அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். ஆகவே வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டே மூட்டை தூக்கினேன். முதுகுக்கு வரிசை தெரியாது. ஒரு நாள் படியில் பாதியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. சகலை இறங்கி வந்து, கோட்டோடு அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனார்.

போன வருடம் மழைக் காலம் முடிந்த பிறகு, கம்பனிக்கு நானுஓயாப் பக்கம் இருக்கிற இன்னொரு தோட்டத்து ஸ்டோரில் மாடிக்கு அனுபவமான கங்காணி வேண்டும் என்று பேச்சு வந்தது. வீட்டின் பின்னால் நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது சகலை வந்தார். கோடரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே பிளந்தார்.

“நானுஓயாப் பக்கம் போறியான்னு கேக்குறாங்க. போகவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க சகல.”

போ, போ, போ என்று என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொன்னது. அவர் போனால் முக்காலி எனக்கு. அதைவிட, சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு இருக்காது. கயிற்றில் அந்தக் கோட்டு இருக்காது.

“ஒங்க விருப்பம்” என்றேன்.

அவர் கோடரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அந்த ஒரு வார்த்தையால நம்ம ரெண்டு பேரும் பட்டது பத்தாதா?” என்றார். பிறகு விறகைப் பார்த்துக்கொண்டே, “முதுகு எப்புடி இருக்கு?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“ம்” என்றார். மிச்ச விறகையும் பிளந்து அடுக்கி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆபீசில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இப்போதைய கிளாக்கர் தமிழர்தான், தமிழில்தான் கேட்டாராம். இவர் வேண்டுமென்றே சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு வந்தார். கெமத்தி நே. யவனவானம் யனவா. அனுப்பினார்கள். சர்வீஸ் குறையாமல் போனார்.

லொறியில் சாமான் ஏற்றின நாளில் நானும் கட்டில் தூக்கக் கை கொடுத்தேன். மனைவியும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாங்கள் இரண்டு பேரும் லொறிக்கு இரண்டு பக்கமும் நின்று கயிறு இழுத்துக் கட்டினோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நன்றி என்பது மூன்றெழுத்துத்தான். தொண்டை வரைக்கும் வந்தது.

அடுத்த வாரப் பெரட்டில் டீமேக்கர் ஐயா கையை நீட்டியபோது நான் அசையவில்லை. பின்னால் நின்றவர்கள் முதுகில் தட்டி முன்னால் தள்ளினார்கள். இப்போது நான் மாடிக் கங்காணி. கோட்டுத் தோளில் கொஞ்சம் பெரிது. அந்த வெள்ளைச் சட்டையைத்தான் உள்ளே போடுகிறேன், கொழுந்துக் கறை போகவில்லை, கோட்டு மறைத்துக்கொள்கிறது. யாராவது ‘கங்காணி’ என்று கூப்பிட்டால் இன்னும் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. நானுஓயாவில் அவருக்கு முக்காலி இல்லையாம், கைப்பிடி வைத்த நாற்காலியாம். கொழுந்தியாள் போனில் சொல்ல, மனைவி அதை எனக்கு இரண்டு தரம் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சகலையே பேசினார். மனைவி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். அந்தச் சிரிப்பு வந்து குசினிப் பாத்திரத்தை அதிர வைத்தது.

“முக்காலி ஆடுதா சகல? ஒரு கால் கொஞ்சம் கட்டைங்க அதுக்கு. அடியில அட்டைய மடிச்சு வச்சிருந்தேன். கூட்டுற ஆளு எடுத்துறாம பாத்துக்கிங்க.”

அந்த அட்டையை முதல் நாளே குப்பை என்று நினைத்து நான்தான் எடுத்து வீசினேன். அன்றிலிருந்து முக்காலி ஆடுகிறது. இத்தனை நாள் அது என் முதுகின் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

“ஆடலங்க” என்றேன்.

மறுநாள் ஒரு தேயிலைப் பெட்டி அட்டையைக் கிழித்து, மடித்து, அந்தக் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு மடிப்பு வைத்தால் ஆடுகிறது. இரண்டு மடிப்பு வைத்தால் மற்றப் பக்கம் சாய்கிறது. அவர் எத்தனை மடிப்பு வைத்திருந்தார் என்று கேட்கத்தான் வேண்டும். இன்றைக்குக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பங்குனி மாதம் பத்தொன்பதாம் திகதி, பௌர்ணமிப் போயா லீவு.